கண்ணூர்க் கூடாரத்தில் ஒரு மாலை

கோயம்புத்தூரிலிருந்து கண்ணூர் செல்லும் ரயில், ஷொரணூரில் வடக்கு நோக்கித் திரும்பிய பிறகு, கோழிக்கோடு, வடகரை, மாஹி, தலச்சேரி என்று கடலோர ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. கண்ணூர் மைதானத்தில் கூடாரம் அடித்திருந்த சர்க்கஸை ஏழு வயது மகளுக்குக் காட்டுவதற்காகவே இந்தப் பயணத்தை மேற்கொண்டோம். சர்க்கஸ் எங்கள் ஊருக்கும் எப்போதாவது வரத்தான் செய்கிறது. ஆயினும், இந்திய சர்க்கஸின் தாய்வீடாகிய அந்த மண்ணில், அதைத் தலைமுறைகளாக அறிந்த மக்களிடையே உட்கார்ந்து அவள் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன்.

தலச்சேரி நிலையத்தில் வண்டி நின்றபோது அவளுக்குக் கீலேரி குஞ்ஞிக்கண்ணனைப் பற்றிச் சொன்னேன். மராட்டியத்தைச் சேர்ந்த விஷ்ணுபந்த் சத்ரே 1880இல் இந்தியாவின் முதல் சர்க்கஸ் குழுவைத் தொடங்கியவர். களரிப்பயிற்றிலும் உடற்பயிற்சியிலும் தேர்ந்த ஆசிரியரான குஞ்ஞிக்கண்ணன், அந்தக் குழு கண்ட புதிய கலைக்கு ஆட்களை உருவாக்க முனைந்து, 1901இல் தலச்சேரியை அடுத்த சிறக்கரையில் பயிற்சிக்கூடம் தொடங்கினார். அவருடைய மாணவர் வழியில் வந்தவர்களே பிற்காலத்தில் நாடெங்கும் கூடாரங்களை நிறுவினார்கள். 1951இல் குஜராத்தின் பிலிமோராவில் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கிய சங்கரனும் தலச்சேரிப் பக்கத்துக்காரர்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகள், “அப்பா, சிங்கம் இருக்குமா?” என்றாள். இருக்காது என்றேன். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைக் காட்சிக்குப் பயன்படுத்துவதற்கு மத்திய அரசு 1998இல் பிறப்பித்த தடையை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது; சிறுவர்களைச் சர்க்கஸில் வேலைக்கு அமர்த்துவதற்கும் 2011இல் அதே நீதிமன்றம் தடை விதித்தது. விலங்கு இல்லாத சர்க்கஸ் உயிரற்றது என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூண்டில் அடைபட்ட மிருகத்தின் அச்சத்தைப் பார்த்துக் கைதட்டுவதைவிட, வளர்ந்த மனிதர்கள் தம் உழைப்பால் அடைந்த திறமையைப் பார்த்து வியப்பதே ஒரு குழந்தைக்கு நாம் தரக்கூடிய மேலான அனுபவம் என்று உறுதியாக நம்புகிறேன்.

நான்கு மணிக் காட்சிக்குச் சென்றோம். மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுழல, ஜிகினா உடுப்பணிந்த கலைஞர்கள் அணிவகுத்து வந்தபோதே மகள் இருக்கையில் எழுந்து நின்றுவிட்டாள். உயரத்திலிருந்து தொங்கிய நீண்ட துணியைக் காலில் சுற்றிக்கொண்டு தலைகீழாகச் சரிந்து இறங்கிய பெண்ணையும், ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறி நின்ற எத்தியோப்பிய இளைஞர்களையும் கண்டு அவள் வாய் ஓயாமல் கேள்வி கேட்டாள். பபூன்கள் வந்ததும் கேள்விகள் நின்று சிரிப்பு தொடங்கியது.

அந்தச் சிரிப்புக்கிடையே, பணியாளர்கள் அரங்கின் குறுக்கே பெரிய வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்து வந்தது, உயரத்தில் தொங்கும் ஊஞ்சலிலிருந்து பாயும் பார் விளையாட்டு. இதற்காகவே நான் வந்தேன். ஒரு புறம் ஒருவர் ஊஞ்சலின் கயிறுகளில் கால்களைப் பின்னிக்கொண்டு தலைகீழாகத் தொங்கி ஆடுகிறார். மறுபுற மேடையில் நிற்பவர் வியர்வையில் கை வழுக்காதிருக்க வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு, தம் ஊஞ்சலைப் பற்றிப் பாய்கிறார். ஊஞ்சல் உச்சிக்குச் சென்று திரும்பும் முன் ஏறக்குறைய நின்றுவிடும் அந்த நொடியில்தான் அவர் பிடியை விட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் எதிரே வருபவரின் கை எட்டாது. இருவரும் விரல்களைப் பிடிப்பதில்லை, மணிக்கட்டை மணிக்கட்டால் பற்றுகிறார்கள். ஒரு கை நழுவினாலும் மற்றவர் பிடி காக்கும் என்பதே காரணம்.

காற்றில் இருமுறை குட்டிக்கரணம் போட்ட ஓர் இளைஞர் முதல் முயற்சியில் பிடி தவறி வலையில் விழுந்தார். மகள் என் கையை இறுகப் பற்றினாள். அவரோ முதுகு படும்படி பக்குவமாக விழுந்து, துள்ளி எழுந்து, கயிற்றேணியில் மீண்டும் ஏறினார். இம்முறை பிடி விழுந்தபோது கூடாரமே அதிர்ந்தது. தவறியவருக்கு ஏளனம் இல்லை, ஏறியவருக்கு ஆரவாரம் இருந்தது. அந்தக் கண்ணூர் மக்களை நான் வணங்குகிறேன். “தலைகீழா தொங்குற மாமாதான் ரொம்ப கஷ்டப்படறாங்க, அவங்களுக்கும் கைதட்டணும்” என்று மகள் சொன்னது எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. பாய்பவரைப் பார்ப்பது எளிது. பிடிப்பவரைக் கவனிக்கும் கண் பலருக்கு இல்லை.

இரும்புக் கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள்கள் சீறிச் சுழன்றபோது காதைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

குழந்தையுடன் செல்வோர் அரங்கை ஒட்டிய நாற்காலிகளைவிடச் சற்றுப் பின்னால், ஊஞ்சல்களின் பக்கவாட்டில் இடம் பிடிப்பது நல்லது. கழுத்தை அண்ணாந்து வருத்தாமல் பாய்பவர், பிடிப்பவர் இருவரையும் ஒருசேரக் காணலாம், மோட்டார் சைக்கிளின் புகையும் இரைச்சலும் அங்கே குறைவு. வார நாள் என்பதால் நாங்கள் சென்ற காட்சியில் பாதி இருக்கைகள் காலியாகவே இருந்தன. உங்கள் ஊருக்குச் சர்க்கஸ் வந்தால் முதல் வாரத்திலேயே சீட்டு வாங்கிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்.