கூடு விற்ற கணக்கை மட்டும் காட்டினேன்

பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ஏறத்தாழ 25 நாள் புழுவைப் பார்த்து, கூட்டைத் தருமபுரி அங்காடிக்குக் கொண்டுபோனால், ஏலத்தில் என்ன விலை விழுகிறதோ அது கணக்கில் ஏறும். ஒரு மாதம் வரும், அடுத்த மாதம் வராது. இதை வைத்துத்தான் தவணை கட்ட முடியும் என்று கடன் தருகிறவரை நம்ப வைக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் கடன் கேட்டபோது, ஒரு வருட பேங்க் ஸ்டேட்மெண்ட்டை ஜெராக்ஸ் எடுத்து இடைத்தரகர் கையில் கொடுத்தேன். தங்கைக்கு அனுப்பியது, நகை அடகுக்கு வட்டி, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அதில் இருந்தது. பத்து நாள் கழித்து டீக்கடை முன்னால் நாலு பேர் நிற்கும்போது அவர் கேட்டார்: "ஏங்க்கா, சின்னப் பொண்ணுக்கு ஆஸ்பத்திரி செலவு இன்னும் ஓயலையா?" அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வந்தது இன்னும் நினைவிருக்கிறது.

இந்தத் தடவை புழு வளர்ப்பு மனையை நீட்டிக் கட்டக் கடன். காகிதம் தர மாட்டேன் என்றேன். நம் சம்மதத்தோடு வங்கி விவரத்தைக் கடன் தருகிறவருக்குக் கொண்டுசேர்க்கும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழியாகத் தரலாம் என்று, கடன் தருகிறவர்கள் லிங்க் அனுப்பினார்கள். 2016ல் ரிசர்வ் வங்கி விதி வகுத்து, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. விவரம் பூட்டிய நிலையிலேயே வங்கியிலிருந்து கடன் தருகிறவருக்குப் போகும். நடுவில் இருக்கும் அக்ரிகேட்டரால் அதைத் திறந்து படிக்க முடியாது.

வங்கியில் கொடுத்த மொபைல் நம்பரைப் போட்டு, ஓடிபி அடித்ததும் என் இரண்டு கணக்குகள் வந்தன. நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கும், கூட்டுறவுச் சங்கக் கணக்கும் வரவில்லை. கூடு விற்ற பணம் ஏறும் கணக்கை மட்டும் டிக் செய்தேன்.

அடுத்து வந்த சம்மதப் பக்கத்தைத்தான் எல்லோரும் படிக்காமல் அமுக்கிவிடுகிறார்கள். எதற்காக, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, ஒரு தடவையா திரும்பத் திரும்பவா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு வந்ததில் இரண்டு வருட வரவு செலவு, அதுவும் மாதாமாதம் எடுப்பதாக இருந்தது. நிராகரித்துவிட்டு, கடன் தருகிற இடத்துக்குப் போன் செய்தேன். "எல்லாருக்கும் இப்படித்தான் போகுதுக்கா" என்றார். "கடன் தரலாமா வேண்டாமான்னு பார்க்க ஒரு தடவை போதும் தம்பி" என்றேன். மறுநாள் ஒரு வருடத்துக்கு, ஒரே தடவை என்று மாற்றி அனுப்பினார்கள். அதற்குச் சம்மதம் கொடுத்தேன்.

இதிலும் அந்தக் கணக்கின் ஒவ்வொரு வரியும் அவர்களுக்குத் தெரியத்தான் செய்கிறது. ஆனால் மகளின் உதவித்தொகைக்கு இ-சேவையில் 60 ரூபாய் கட்டி வாங்கிய வருமானச் சான்றிதழில் ஆண்டு வருமானம் என்று ஒரே ஒரு தொகைதான். உண்மையா என்று பார்க்க க்யூஆர் கோடு இருக்கிறது. யாருக்கு எவ்வளவு அனுப்பினேன் என்ற பேச்சே இல்லை. கடனுக்கும் 'இவருக்கு இத்தனை ரூபாய்க்கு மேல் வருமானம் உண்டு' என்று வங்கி கையெழுத்திட்ட ஒரு வரி போதும் என்ற நாள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கடன் வந்தது. வேலை தொடங்கிய அன்று அக்ரிகேட்டரின் மொபைல் ஆப்பைத் திறந்து பார்த்தேன். நான் கொடுத்த சம்மதம் காலாவதி என்று காட்டியது. மற்ற கணக்கை யாரும் கேட்கவில்லை.