தக்கேசிக்கு மதிப்பெண் இல்லை

“எந்த இடத்துல?” என்றுதான் கேட்டேன். இரண்டே வார்த்தை. அதை எந்தக் குரலில் கேட்டேன் என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கேட்கும்போது தெரிந்துகொள்ளத்தான் கேட்பதாக நினைத்தேன். அன்று ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே அதே இரண்டு வார்த்தையை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது, ரயிலில் டிக்கெட் பரிசோதகர் “டிக்கெட் எங்க?” என்று கேட்கிற மாதிரி இருந்தது.

விஷயம் சின்னது. ஒரே ஒரு மதிப்பெண்.

இசை வரலாறும் ரசனையும் என்கிற விருப்பப் பாடம், எந்தத் துறைப் பிள்ளைகளும் எடுக்கலாம். உள்மதிப்பீட்டில் பத்து மார்க்குக்குக் கேட்டறிதல் தேர்வு வைப்பேன். பத்துத் துணுக்குகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், கேட்டு ராகத்தின் பெயரை எழுத வேண்டும். ஏழாவது துணுக்கு காம்போதி. பழைய வாய்ப்பாட்டுப் பதிவு, ஆலாபனை மட்டும், கீழேயிருந்து மெதுவாக ஏறி மேல் ஷட்ஜத்தைத் தொடும் முன் நிறுத்திவிட்டேன். அதற்குள் ‘ஸநிபதஸ’ என்ற ஸ்வரக்கோவை ஒரு தடவை வந்துவிடும். காம்போதி தெரிந்தவர்களுக்கு அது போதும், அந்த ஒரு இடத்தில் நிஷாதம், அதாவது ‘நி’, சற்றே மேலே ஏறி நிற்கும், வேறு ராகம் என்று சொல்லவே முடியாது.

வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. கரகரப்ரியா என்று சிலர், ஹரிகாம்போதி என்று ஏழெட்டுப் பேர், ‘இளையராஜா’ என்று ஒருவன். (அவனுக்கு ஒன்றும் போடவில்லை, ஆனால் சிரித்துவிட்டேன்.) வேதியியல் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி ‘தக்கேசி’ என்று ஒரு தேவாரப் பண்ணின் பெயரை எழுதியிருந்தாள். நான் குறுக்கே ஒரு கோடு போட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். யோசிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு கணம் பேனா நின்றது. நின்றதும் எனக்கு நினைவிருக்கிறது, பிறகு கோடு போட்டதும் நினைவிருக்கிறது.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று வகுப்பு முடிந்து வராந்தாவில் வந்து நின்றாள்.

“மேடம், ஏழாவது ஏன் தப்பு?”

“தக்கேசின்னு எழுதியிருக்கியேம்மா. கேட்டது ராகம்ல.”

“ரெண்டும் ஒண்ணுதானே மேடம்? நீங்கதான் போர்டுல போட்டீங்க.”

போட்டேன்தான். இரண்டாம் அலகில் பண்ணும் ராகமும் என்று ஓர் அட்டவணை வரும், தேவாரத்தின் பழைய பண் ஒவ்வொன்றையும் இன்று எந்த ராகத்தில் பாடுகிறார்கள் என்று. தக்கேசிக்குக் காம்போதி. நட்டபாடைக்குக் கம்பீரநாட்டை, பழம்பஞ்சுரத்துக்குச் சங்கராபரணம், மேகராகக்குறிஞ்சிக்கு நீலாம்பரி, செந்துருத்திக்கு மத்தியமாவதி. நடுவில் சமக்குறி. இரண்டு மார்க் கேள்வியாக, பொருத்துக என்று, வருஷம் தவறாமல் வரும். என் கையெழுத்திலேயே சமக்குறி போட்டுவிட்டு அதே கையால் கோடும் போட்டிருக்கிறேன்.

அந்த இடத்தில் நான் கொஞ்சம் சாமர்த்தியமாகப் பேசினேன். “காம்போதின்னா தக்கேசி மட்டும் இல்லையேம்மா. தக்கராகம்ங்கற பண்ணையும் காம்போதியிலதான் பாடறாங்க. ரெண்டுல நீ ஏன் தக்கேசின்னு எழுதினே?” இது நல்ல கேள்விதான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அவள் தயங்கவில்லை. “தக்கேசி மாதிரிதான் கேட்டுச்சு மேடம்” என்றாள்.

“எந்த இடத்துல?”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் அலுவலக உதவியாளர் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு போனார், இரண்டு பையன்கள் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அவள் தாளை மடித்தாள். “அடுத்த தடவை ராகத்தோட பேரை எழுதிடு” என்றேன். “சரிங்க மேடம்.” அவ்வளவுதான் நடந்தது.

அவள் அப்பா ஓதுவார், கோயிலில் தேவாரம் பாடுகிறவர். அது எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாள் அறிமுகத்தின்போதே சொன்னாள், நான் “அப்படியா, சந்தோஷம்” என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனேன். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்று ஒலித்தது தேவாரம் இல்லை. கச்சேரி ஆலாபனை. பல்லவி பாடும் வித்வான்களும் நாகஸ்வரக்காரர்களும் சங்கீத மும்மூர்த்திகளின் கீர்த்தனைகளும் சேர்ந்து வளர்த்தெடுத்த ஒரு வடிவம் அது. அதைக் கேட்டுவிட்டுத் தக்கேசி என்று எழுதுவது, புதுசாகக் கட்டிய வீட்டைக் காட்டி இது யார் வீடு என்று கேட்டால் அந்த மனையின் பழைய பட்டாப் பெயரைச் சொல்கிற மாதிரி. தவறில்லை, ஆனால் கேட்டதற்குப் பதிலும் இல்லை. தக்கேசியைக் காம்போதியில் பாடுகிறோம் என்பது ஒரு பக்கம் போகிற பாதை. காம்போதியெல்லாம் தக்கேசி என்று திரும்பி வர முடியாது. அட்டவணையில் நான் போட்டிருக்க வேண்டியது அம்புக்குறி, சமக்குறி இல்லை.

இந்த வாதம் எனக்கு இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் தாள்களைப் பதிவேட்டில் ஏற்றும்போதுதான் கவனித்தேன், ஹரிகாம்போதி என்று எழுதிய ஏழெட்டுப் பேருக்கும் அரை அரை மார்க் போட்டிருக்கிறேன். காம்போதியின் தாய்ராகம்தானே, குடும்பம் சரி, ஆள்தான் மாறிவிட்டது என்று நானே தாராளமாக. அதில் பாதிப் பேர் பெயரில் காம்போதி இருக்கிறதே என்று குத்துமதிப்பாக எழுதியவர்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதாவது ஊகத்துக்கு அரை, காதால் கேட்டு எழுதியதற்கு முட்டை.

சரி, அரை மார்க் கொடுத்துத் திருத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். செய்யவில்லை. பட்டியல் துறைத்தலைவர் மேஜைக்குப் போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போயிருந்தது உண்மை. கேட்டால் திருப்பிக் கொடுத்திருப்பார் என்பதும் உண்மை.

அப்புறம்தான் வேறொன்று உறுத்த ஆரம்பித்தது, அது இன்னும் விடவில்லை. அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது? தேவாரப் பண்களின் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன, ஸ்வரங்கள் ஏட்டில் இல்லை. 1943இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது, 1949இலிருந்து பண் ஆராய்ச்சி மாநாடுகளை நடத்திவந்தது. அதிலெல்லாம் அறிஞர்கள் என்ன செய்தார்கள்? சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் புரட்டினார்கள், வாதாடினார்கள், கடைசியில் ஓதுவார்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். இந்தப் பண்ணை இவர்கள் இந்த ராகத்தில் பாடிவருகிறார்கள், ஆகவே இது அது. அட்டவணைக்குப் பெரிய சான்று ஓதுவார் தொண்டைதான். அந்தத் தொண்டையைக் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் நான் அட்டவணையைக் காட்டி, உன் பதில் இதில் இந்தப் பக்கம் இருக்கிறது, நான் கேட்டது அந்தப் பக்கம் என்றிருக்கிறேன்.

இதைவிட மோசம், முதல் அலகிலேயே நான் நடத்துகிற கதை. திருமுறை கண்ட புராணத்தில் வருவது. ராஜராஜன் காலத்தில் தில்லையில் அறையைத் திறந்து, கறையான் தின்றது போக மிஞ்சிய ஏடுகளை நம்பியாண்டார் நம்பி எடுத்துத் தொகுக்கிறார். சொல் கிடைத்துவிட்டது, பண் கிடைக்கவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப்போய்ப் பண்ணை அவளிடமிருந்து பெற்றுக்கொள்கிறார்கள். ஐந்து மார்க் கேள்வி. புராணத்தைச் சொல்லிவிட்டு, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் திருப்பதியம், அதாவது தேவாரம், பாட நியமித்த 48 பேரின் கணக்கையும், கூட உடுக்கை, கொட்டிமத்தளம் வாசிக்க இரண்டு பேர் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். புராணத்துக்குப் பக்கத்தில் கல்வெட்டை வைத்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ‘மரபில் வந்த ஒரு பெண்’ என்று சொல்லும்போது இரண்டாவது வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை.

இப்படி எழுதினால் கதை ரொம்ப அழகாகச் சேர்ந்துவிடுகிறது, அதனாலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது. அவள் அப்பா என்ன, யாழ்ப்பாணர் பரம்பரையா? தேவாரப் பாடசாலையில் சேர்ந்து படித்தவராகவும் இருக்கலாம். அங்கேயும் சுருதிப்பெட்டி உண்டு, சரளிவரிசை உண்டு, ‘தக்கேசி, ராகம் காம்போதி’ என்று அச்சடித்த புத்தகம் உண்டு. அப்படியானால் அவள் கேட்டது நான் கேட்ட அதே காம்போதிதான், வீட்டில் அதற்கு வேறு பெயர், அவ்வளவே. இப்படி நினைத்தால் மனசு கொஞ்சம் லேசாகிறது. லேசாகிறது என்பதற்காகவே இதை நினைக்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டையும் கேட்டேன். சம்பந்தரின் திருக்கோலக்காப் பதிகம், தக்கராகம். சுந்தரர் காஞ்சி ஏகம்பத்தில் ஒரு கண் பெற்றுப் பாடியதாகச் சொல்லும் பதிகம், தக்கேசி. ஓதுவார்கள் பாடிய பதிவுகள் எளிதாகக் கிடைக்கின்றன. மாற்றி மாற்றிப் போட்டேன். காலையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சாயங்காலம் ஏதோ தெரிகிற மாதிரி இருந்தது, இரண்டாவதில் தைவதத்தில் கொஞ்சம் அதிகம் நின்றுவிட்டு இறங்குகிறார்களோ என்று. அது பண்ணின் குணமா, அந்த ஓதுவாரின் குணமா, காலையிலிருந்து கேட்டுக் களைத்த என் காதின் குணமா, தெரியாது. ஆனால் முதல் திருமுறையில் தக்கராகத்தில் 24 பதிகங்களும் தக்கேசியில் 12 பதிகங்களும் தனித்தனியாக நிற்கின்றன. ஒன்றுதான் என்றால் பிரித்து வைத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு இரண்டாக இருந்தது நமக்கு ஒன்றாகிவிட்டது. அந்தப் பெண் எழுதிய பதில் என் விடைக்குறிப்பை விட ஒரு படி நுணுக்கமானதாக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, அதைத்தான் விட்டுவிட்டேன்.

எனக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்த அம்மாள் என்னிடம் ராகத்தின் பெயர் கேட்டதே கிடையாது. ராகத்தின் பெயரைச் சொன்னால் “அதெல்லாம் இருக்கட்டும், பாடு” என்பார். தப்பாகப் பாடினால் அவர் பாடுவார், நான் திரும்பப் பாட வேண்டும், பெயர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எங்கேயோ கிடக்கும். பல்கலைக்கழகப் பாடத்தில் அது முடியாது. நாற்பது பேரைப் பாடவைத்து மார்க் போட முடியாது, பாதிப் பேருக்குப் பாடவும் வராது, பாட வராதவர்களும் சங்கீதம் கேட்கலாம் என்பதற்குத்தானே ரசனைப் பாடம். பெயர்தான் அளக்க வசதி. தெரியும். அந்த வசதியை நான் குறைசொல்லவில்லை, என் சம்பளமே அதில்தான் ஓடுகிறது. ஆனால் அன்று வராந்தாவில் நாற்பது பேர் இல்லை, ஒருத்திதான் இருந்தாள். “எந்த இடத்துல” என்பதற்கு அவளிடம் சொல்லாக ஒரு பதில் இருந்திருக்காது. அவளுக்கு ஸ்வரம் சொல்லத் தெரியாது, நான் மூன்று வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடவும் இல்லை. பாடிக் காட்டச் சொல்லியிருந்தால் காட்டியிருப்பாளா? நாற்காலி இழுக்கிற சத்தத்தில், இரண்டு பையன்கள் பார்க்க, வெட்கப்பட்டு மறுத்திருக்கவும் கூடும். அறைக்குக் கூட்டிப்போயிருக்கலாம். அறை பத்தடி தூரத்தில் இருந்தது.

அடுத்த தேர்வில் அவள் எல்லாவற்றுக்கும் ராகப் பெயர்தான் எழுதினாள். பந்துவராளித் துணுக்கு ஒன்று வைத்திருந்தேன், வேண்டுமென்றேதான் வைத்தேன் என்று நினைக்கிறேன், அதற்குரிய பண் பெயரை, நட்டராகம் என்றோ சாதாரி என்றோ, எழுதுவாளா பார்க்கலாம் என்று. பந்துவராளி என்று சுத்தமாக எழுதியிருந்தாள். பத்துக்கு ஒன்பது, வகுப்பிலேயே அதிகம். ‘மிக நன்று’ என்று ஓரத்தில் எழுதினேன். நான் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு வந்துவிட்டது, ஆசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும். தாளை வாங்கிக்கொண்டு போனாள். வராந்தாவுக்கு வரவில்லை. வருஷக் கடைசியில் நன்றி சொல்ல வந்த கூட்டத்தில் அவளும் இருந்தாள், எல்லோரையும் போல. நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் “அதெல்லாம் ஞாபகமே இல்ல மேடம்” என்று சொல்லியிருப்பாள், எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

மறுவருஷத்திலிருந்து காம்போதியைத் தேர்விலிருந்தே எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் கல்யாணி வைக்கிறேன், தேவாரப் பண் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரும் வர முடியாது. கல்யாணிக்குப் பழந்தமிழ்ப் பெயரான மேற்செம்பாலை என்று யாராவது எழுதினால் என்ன செய்வேன் என்று இன்னும் யோசிக்கவில்லை. அட்டவணையில் இந்த வருஷம் சமக்குறிக்குப் பதில் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “மேடம், பொருத்துகல இது எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?” என்று கேட்டான். கேள்வித்தாளில் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். அழித்துவிட்டுச் சமக்குறியே போட்டேன்.