கொல்கொதாவில் அம்மாவின் பொருத்தனை

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எருசலேமுக்குப் போய், இயேசு சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதாவில் முழங்கால்படியிட்டு நன்றி சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் பொருத்தனை. அப்பா போன அன்றே செய்தது. கல்யாணம், சாவு தவிர அப்பா கோயில் வாசலை மிதித்தவர் இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இயேசுவே, என்னை மன்னியும்" என்றார். விடியுமுன் போய்விட்டார். "சபை ஐயர் வந்து ஜெபிக்கல, திருவிருந்து எடுக்கல. பரலோகம் போக இது ஒண்ணு போதுமா?" என்று அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் கேட்டது அம்மாவை வெகுகாலம் அரித்துக்கொண்டே இருந்தது.

இயேசு சிலுவை சுமந்துபோன சிலுவைப் பாதை இன்று நெரிசலான கடைத்தெரு. ஒலிவமரச் சிலுவையைக் காட்டி "இந்தியா, இந்தியா" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். கொல்கொதாவும் இயேசுவின் கல்லறையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கல்லறைக் கோயில் முற்றத்தில் ஒருவர், டாலர் கொடுத்தால் வரிசையில் நிற்காமல் உள்ளே கூட்டிப்போவதாக அம்மாவையே சுற்றிச் சுற்றி வந்தார். நமக்கு இலவசமாகக் கிடைத்த இரட்சிப்பு உண்டான இடத்தில் பேரமா என்று நெஞ்சு பொறுக்கவில்லை.

"இயேசு நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார்னு எபிரெயர் நிருபத்துல இருக்கே, இது ஊருக்குள்ளல்ல இருக்கு?" என்று அம்மா கேட்டார்கள். அன்றைக்கு இந்த இடம் மதிலுக்கு வெளியேதான் இருந்தது, சில ஆண்டுகள் கழித்தே மதிலை விரித்துக் கட்டினார்கள் என்றார் எங்கள் வழிகாட்டி. 335இல் இங்கே முதல் கோயில் பிரதிஷ்டையானதாம்.

நுழைந்ததும் வலப்பக்கம் செங்குத்தான கல்படிகள். முட்டுவலிக்காரி எப்படி ஏறுவார் என்று பயந்தேன். ஒவ்வொரு படியிலும் நின்று, "தாங்கும் ஆண்டவரே" என்று சொல்லிச் சொல்லி ஏறினார்கள். மேலேதான் கொல்கொதா, அங்கே கிரேக்கர்களின் பலிபீடம். அதன் கீழே குனிந்து, வட்டத் தகட்டின் துளையில் கைவிட்டால் பாறை தட்டுப்படும். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், சீக்கிரம் என்று அதட்டுகிறார்கள். அம்மா எதையும் கேட்கவில்லை. பாறையில் கையை வைத்துக்கொண்டு, இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளன் சொன்னதையே சொன்னார்கள்: "ஆண்டவரே, அடியேனை நினைத்தருளும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதைச் சொல்லும் லூக்கா சுவிசேஷம் 23ஐ எத்தனையோ பெரிய வெள்ளிக்கிழமைகளில் கேட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் உறைக்காதது அங்கே உறைத்தது. அந்தக் கள்ளனால் என்ன செய்ய முடிந்தது? ஆணியடித்த கையால் ஒரு நற்கிரியை செய்ய முடியாது. ஞானஸ்நானத்துக்கு இறங்கிப் போக வழியில்லை. வரி வசூலித்த சகேயுவுக்காவது அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித்தர அவகாசம் இருந்தது, இவனுக்கு அதுவும் இல்லை. நாம் நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம், இவரோ ஒரு தப்பும் செய்யவில்லை என்று ஒத்துக்கொண்டான், கேட்டான், அவ்வளவுதான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பதில் வந்தது. கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், அது தேவனுடைய ஈவு என்று பவுல் எபேசியருக்கு எழுதியது இதைத்தானே! அதே தூரத்தில் தொங்கிய மற்றக் கள்ளன் நிந்தித்தே மாண்டான். ஆகையால் கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் இருந்துவிடாதீர்கள், அந்த நேரம் நம் கையில் இல்லை.

அம்மா எழுந்தபோது முகத்தில் கண்ணீர், ஆனால் அத்தனை ஆண்டு பார்த்திராத தெளிவு. "உங்கப்பா பரதீசுலதான் இருக்காருய்யா" என்றார்கள்.

கல்லறைக்கு முன்னால் வரிசை வளைந்து வளைந்து நின்றது, எங்கள் குழுவுக்கு நேரமாகிவிட்டது. உள்ளே போகாமலே திரும்பினோம். அம்மாவுக்கு அது குறையாகவே படவில்லை: "அவருதான் அங்க இல்லையே, உயிர்த்தெழுந்துட்டாரே!" ஆண்டவரே, அந்த முழங்கால்களை ஏறவைத்தீர், இறங்கும்போது முன்பின் தெரியாத ஆப்பிரிக்கச் சகோதரி ஒருத்தியை அனுப்பி அம்மாவைத் தாங்கினீர், என் அப்பாவின் வாயில் கடைசி நேரத்தில் உம் நாமத்தை வைத்தீர். உமக்குக் கோடானகோடி ஸ்தோத்திரம்.