ஆறு முட்டைகளுக்கான கணக்கு

5 ஜனவரி 2025, சுங்கை சிப்புட்

பாம்புக்கென்றே வாங்கிய மின்தராசில் மூடியுள்ள டப்பாவை வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, எங்கள் கறுப்பியை அதனுள் இறக்கினேன். 1,180 கிராம். அவளுக்கு இப்போது இரண்டு வயதும் ஐந்து மாதமும் ஆகின்றன. பால் பைத்தான் பெண்ணை இணைசேர்க்க ஏறத்தாழ மூன்று வயதும் 1,500 கிராமும் வேண்டும் என்பது அனுபவமுள்ள வளர்ப்பாளர் பலரும் கடைப்பிடிக்கும் அளவு. அந்த அளவையே நானும் இந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அடியில் கோடிட்டு வைத்திருக்கிறேன்.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தப் பாம்பின் பெயரைக் கேட்ட அம்மா, புற்றுக்கு ஊற்றுவதைப் போல இதற்கும் பால் வைக்க வேண்டுமா என்று முதல் நாளே கேட்டார். பெயரில் இருப்பது ஆங்கில ‘பால்’, அதாவது பந்து. அஞ்சினால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உடலைப் பந்துபோல் சுருட்டிவிடும் என்று சொன்னதும், "பாவம், பயந்த பிள்ளைடா" என்றார். அன்றிலிருந்து அவருக்கு இவள்மேல் தனிப் பரிவு. செம்பனைத் தோட்டத்தில் ஆள் உயரத்தை விஞ்சும் மலைப்பாம்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒன்றரை மீட்டரைத் தாண்டுவதே அரிதான இந்தப் பாம்பு குழந்தையாகத்தான் தெரியும்.

19 ஜனவரி

நேற்றிரவு ஆலையில் இரவு ஷிப்டு. இன்று மதியம் எழுந்து, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், பெற்றோரின் மரபணுக்கள் குஞ்சுகளில் எப்படிச் சேரும் என்று பார்க்கும் கட்டங்கள் வரைந்தேன்.

கறுப்பியைப் பார்த்தால் காட்டு நிறம்தான்: கரும்பழுப்பின்மேல் பொன்னிறத் திட்டுகள். ஆனால் அவளுடைய தந்தை பைபால்ட். ஈப்போவில் நண்பர் வீட்டில் அந்த ஆண் பாம்பைக் கையில் ஏந்தியே பார்த்திருக்கிறேன். தலையிலும் கழுத்திலும் வாலிலும் மட்டும் நிறம் நின்றிருக்க, இடையே முக்கால் உடலும் நிறமியே இல்லாமல் வெளுத்திருந்தது. சுண்ணாம்பு பூசிய சுவரைப் போன்ற அந்த வெண்மைதான் என்னை இதில் இழுத்துவிட்டது. பைபால்ட் ஓர் ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக அந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் நிறம் வெளிப்படும், ஒன்றே ஒன்று இருந்தால் உள்ளே மறைந்து கிடக்கும். அப்படி மறைத்துச் சுமக்கும் பாம்பை ஹெட் என்பார்கள். வெளிப்படையான பைபால்டுக்குக் காட்டு நிறத்தில் பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றும் கட்டாயம் ஹெட்டாகத்தான் இருக்கும், ஏனெனில் அந்தத் தந்தையிடம் கொடுப்பதற்கு வேறு பிரதியே இல்லை. ஆகவே கறுப்பியைப் பற்றி எனக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. அவளுடைய தந்தையைப் பார்த்த என் கண்களே போதும்.

இந்த நிறவகைகளின் வளர்ப்பு வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவில் பாப் கிளார்க் 1992இல் அல்பினோவையும், பீட்டர் கால் 1997இல் பைபால்டையும் வளர்ப்பில் ஈன்றெடுக்கச் செய்து, இவை பரம்பரையாக வருபவை என்று நிறுவினார்கள். அதன் பிறகுதான் கட்டம் போட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கம் எங்களைப் போன்றவர்கள் வரை வந்து சேர்ந்தது.

ஒன்றை எனக்கே அழுத்தமாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஹெட்டையும் ஹெட்டையும் சேர்த்தால் நான்கில் ஒன்று பைபால்ட் என்பது ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியாக விழும் சீட்டு. நான்கு முட்டை இட்டால் ஒன்று உறுதி என்று அதற்குப் பொருளில்லை. பால் பைத்தான் ஓர் ஈட்டுக்கு நான்கு முதல் எட்டு முட்டைகள் இடும். நான் ஆறு என்று வைத்துக் கணக்கிட்டேன். நான்கில் மூன்றை ஆறு முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.18. அதாவது இத்தனை ஆண்டு காத்திருந்தும் ஒரு பைபால்ட்கூட வராமல் போக நூற்றுக்குப் பதினெட்டு வாய்ப்பு இருக்கிறது.

9 பிப்ரவரி

ஆண் பாம்பு தேடி வேறோர் ஊருக்குப் போய்வந்தேன். விற்பவர் மரியாதையாக உட்காரவைத்து, "அண்ணே, இதப் பாருங்க" என்று ஒரு ஸ்பைடரை எடுத்துக் காட்டினார். தேன் நிற உடலில் சிலந்தி வலை இழுத்ததுபோல் மெல்லிய கருங்கோடுகள். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் மேசைமேல் விட்டதும் அதன் தலை மெல்லத் திரும்பத் தொடங்கியது. தாடை மேல்நோக்கி வரும்வரை கழுத்து முறுக்கிக்கொண்டு போயிற்று. சிறிது நேரம் வானத்தைப் பார்ப்பதுபோல் நின்று, பிறகு நடுங்கியபடி திரும்பியது. எலியைக் காட்டியபோது இரண்டு முறை பக்கத்தில் இருந்த வெறும் தட்டைத்தான் கொத்தியது. "தீனி நல்லா எடுக்கும்ணே, இந்த வகையே அப்படித்தான்" என்றார் அவர்.

அந்த வகையே அப்படித்தான் என்பது உண்மை, எனக்கு வேண்டாம் என்பதற்கும் அதுவே காரணம். ஸ்பைடர் நிறத்தைத் தரும் மரபணுவே இந்த நிலைகுலைவையும் தருகிறது. ஒரு பாம்பில் மிகுதியாகவும் இன்னொன்றில் கண்ணுக்கே தெரியாத அளவிலும் இருக்கலாமே தவிர, நல்ல இணையாகப் பார்த்துச் சேர்த்து அதை நீக்கிவிட முடியாது. சின்னமன் வகையிலும் இரண்டு பிரதிகள் சேர்ந்த குஞ்சுகளுக்கு வளைந்த முதுகெலும்பும் வாத்தின் அலகைப் போன்ற மூக்கும் அமையக்கூடும். தானே தேர்ந்துகொள்ளாத ஓர் உடலில் இருபது முப்பது ஆண்டுகள் வாழப்போகும் உயிர் அது. வீடு திரும்பும் பேருந்தில் குறிப்பேட்டைத் திறந்து அந்த இரண்டு பெயர்களையும் அடித்தேன்.

4 மார்ச்

ஈப்போவில், மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அலுவலகம். நோன்பு மாதமாதலால் காலையிலேயே போய்விட்டேன். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாம்பை வீட்டில் வைத்திருக்க உரிமம் வேண்டும். கறுப்பிக்கு அது இருக்கிறது. பெருக்கி விற்பதென்றால் அது வேறு அனுமதி. வனவுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் இந்த இனம் இருப்பதால், நாடு விட்டு நாடு வரும் பாம்புக்கு அதற்குரிய தாள்களும் வேண்டும். ஆண் பாம்பை வாங்குவதற்கு முன்பே படிவங்களைக் கொடுத்துவிடுவதென்று முடிவுசெய்தேன்.

13 ஏப்ரல்

முட்டைப் பெட்டிக்கு இடம் தேடுகிறேன். குளிர்நாட்டு வளர்ப்பாளர்களின் குறிப்புகள் சூடேற்றுவதைப் பற்றியே பேசுகின்றன. என் சிக்கலோ நேர்மாறானது.

முட்டைகளுக்கு 31.5 பாகை செல்சியஸ் வேண்டும், அதுவும் 55 முதல் 60 நாள்கள் வரை மாறாமல் வேண்டும். பழைய ஐஸ் பெட்டிக்குள் வெப்பக் கம்பியும் தெர்மோஸ்டாட்டும் பொருத்தி, முட்டைகளுக்குப் பதிலாக ஆறு தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கி, பின்புறச் சாமான் அறையில் வைத்தேன். பிற்பகல் மூன்று மணிக்குத் துத்தநாகக் கூரையின்கீழ் அறையே 35ஐத் தொட்டது. வெப்பக் கம்பி அணைந்தே கிடந்தும் பெட்டிக்குள் 33.8. தெர்மோஸ்டாட்டுக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. எனவே பெட்டியைச் சுற்றியுள்ள காற்று எப்போதும் 31.5க்குக் கீழே இருந்தாக வேண்டும். அளவுக்கு மீறிய வெப்பம் கருவைக் கொன்றுவிடும், இல்லையேல் கோணலாக்கிவிடும்.

பெட்டியை அப்பாவின் அறைக்கு மாற்றினேன். பால்மரக் காலத்தில் அப்பா தோட்டத்தை விட்டு வந்து கட்டிய முதல் அறை அது. சிமெண்டுத் தரை, ஓட்டுக் கூரை, மேற்கே பலாமர நிழல். இரண்டு வாரமாக அங்கே பகல் உச்சம் 30ஐத் தாண்டவில்லை, புட்டிகளின் நடுவே அளவி 31.4க்கும் 31.6க்கும் இடையிலேயே நிற்கிறது. "என் ரூம்ல முட்டை வெச்சா எனக்கு வாடகை குடு" என்றார் அப்பா. ஆனாலும் ஒரு நாளைக்கு மூன்று முறை அளவியைப் பார்த்து எண்ணை எழுதிவைப்பவர் அவர்தான்.

முட்டை வரும்போது செய்ய வேண்டியதையும் பெட்டியின் மூடியில் ஒட்டிவிட்டேன். முட்டையின் மேற்புறத்தில் பென்சிலால் ஒரு கோடு. எடுத்தாலும் வைத்தாலும் அந்தக் கோடு மேலேயே இருக்க வேண்டும், புரட்டினால் உள்ளிருக்கும் கரு மூழ்கிவிடலாம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட முட்டைகளைப் பிரிக்கக் கூடாது.

18 மே

பக்கத்து வீட்டுப் பையன், செம்பனை வரிசையில் பிடித்ததாகச் சொல்லி ஓர் எலியை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, "அங்கிள், உங்க பாம்புக்கு" என்று நீட்டினான். நன்றி சொல்லிவிட்டு, வேண்டாம் என்பதற்கான காரணத்தையும் அவனுக்கு விளக்கினேன். தோட்டத்தில் எலிக்கு நஞ்சு வைக்கிறார்கள். இரத்தம் உறையாமல் செய்யும் அந்த நஞ்சு எலியின் உடலிலேயே தங்கி, அதைத் தின்னும் உயிரையும் தாக்கும். எலியைக் கட்டுப்படுத்தக் கம்பத்தில் பெட்டி வைத்து வளர்க்கும் கூகைகளுக்கே அதனால் ஆபத்து இருக்கும்போது, கறுப்பிக்கு நான் அதைக் கொடுப்பேனா? அவளுக்கு வளர்ப்பு எலிதான். உறையவைத்ததை வெந்நீரில் இளக்கி, ஈரம் துடைத்துக் கொடுக்கிறேன்.

தீனிக் கணக்கையும் இன்றே போட்டேன். குஞ்சு பொரித்து ஒரு வாரம் பத்து நாளில் முதல் தோலை உரித்த பிறகுதான் இரை எடுக்கும். ஆறு குஞ்சுக்கு வாரம் ஒன்றென்றால் அரையாண்டில் 156 எலிக்குஞ்சுகள். ஒன்றுகூட விலை போகாமல் ஆறும் வீட்டிலேயே தங்கினால் ஆறு தனித்தனி டப்பாக்கள், ஆறு தண்ணீர்க் கிண்ணங்கள். இந்தச் செலவை என் ஷிப்டு வருமானம் தாங்குமா என்று மனைவியோடு உட்கார்ந்து பார்த்தோம். ஆறைத் தாங்கும், பன்னிரண்டைத் தாங்காது. ஆகையால் ஒரே ஒரு ஜோடிதான்.

6 ஜூலை

ஆண் பாம்பு வந்துவிட்டது, தாள்கள் உட்பட.

இரண்டு பாம்புகளுக்கிடையே ஒரு மாதம் தவித்தேன். ஒன்று, பைபால்டை மறைத்துச் சுமக்கும் பாஸ்டல், அதாவது ஒரே பிரதியிலேயே வெளிப்பட்டுவிடும் மஞ்சள் நிறவகை. கறுப்பியோடு சேர்ந்தால், எட்டில் ஒன்று என்ற வாய்ப்பில், மஞ்சள் பளிச்சிடும் பாஸ்டல் பைபால்ட் கிடைக்கும். மற்றது வெளிப்படையான பைபால்ட். அதில் புதுமை இல்லை, வரும் குஞ்சுகளில் சரிபாதி பைபால்ட், சரிபாதி காட்டு நிறம்.

என்னைத் தீர்மானிக்கச் செய்தவை நிறம் வாராத குஞ்சுகளே. ஹெட்டோடு ஹெட்டைச் சேர்த்தால், சாதாரணமாகத் தோன்றும் குஞ்சுகளில் மூன்றில் இரண்டு ஹெட், ஒன்று வெறும் பாம்பு. எது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. சந்தையில் அவற்றை 66 விழுக்காடு ஹெட் என்று விற்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் வாங்குகிறவர் மூன்றாண்டு வளர்த்து, இணைசேர்த்து, முட்டை பொரிந்த பிறகுதான் தம்முடையது எதுவென்று அறிவார். வாலடியில் தெரியும் சில அடையாளங்களை வைத்துச் சொல்பவர்கள் உண்டு, அதை நம்பி நான் ஒருவருக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். தந்தை வெளிப்படையான பைபால்ட் என்றால் இந்த ஐயமே எழாது. வெள்ளைத் திட்டு உள்ளது பைபால்ட், இல்லாதது உறுதியாக ஹெட். பிறந்த அன்றே ஒவ்வொரு குஞ்சைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடலாம். ஆறு முட்டையில் ஒரு பைபால்டும் வராமல் போகும் வாய்ப்பும் 64இல் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. விலை கூடுதல், என் நான்கு மாதச் சேமிப்பு போயிற்று. மனம் வருந்தவில்லை.

அவன் 410 கிராம். 90 நாள்கள் தனி அறை, தனி இடுக்கி. இவனைத் தொட்டபின் கை கழுவாமல் கறுப்பியிடம் போவதில்லை. தினமும் தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். உண்ணி இருந்தால் மிளகுத்தூள்போல் கரும்புள்ளிகள் மிதக்கும்.

19 அக்டோபர்

நாளை தீபாவளி. பட்டாசு அதிர்வு எட்டாதிருக்க இரண்டு பெட்டிகளையும் அப்பாவின் அறைக்குக் கொண்டுவந்து, அடியில் தடித்த போர்வை விரித்திருக்கிறேன். ஆணின் 90 நாள்கள் இம்மாதம் நான்காம் தேதியே முடிந்தன. உண்ணி இல்லை, எடை 560.

கறுப்பியை நிறுத்தேன். 1,420 கிராம். ஆகஸ்டிலிருந்து ஏழு வாரம் அவள் இரையைத் தொடவில்லை. இந்த இனத்துக்கு இது வழக்கம்தான் என்றாலும் எடை அதனால் நின்றுவிட்டது. வயது மூன்றைக் கடந்துவிட்டாள். ஈப்போ நண்பர், "எண்பது கிராம்தானேப்பா, நவம்பர்ல விட்டுப் பாரு" என்கிறார். முட்டையிடும் பெண் தன் எடையில் கணிசமான பங்கை முட்டைகளோடு இழந்துவிடும். இடுவதற்கு முந்தைய மாதங்களில் பெரும்பாலும் உண்ணவும் உண்ணாது. ஏழு வாரப் பட்டினியிலிருந்து இப்போதுதான் எழுந்திருப்பவளிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. முதல் பக்கத்தைத் திருப்பி, கோடிட்ட வரியைப் பார்த்தேன். இந்த ஆண்டு இணைசேர்ப்பதில்லை.

ஐஸ் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கப் போனேன். அளவி எழுதும் பழக்கம் விட்டுப்போகும் என்று அப்பா தடுத்துவிட்டார். புட்டிகள் அப்படியே இருக்கின்றன. கறுப்பிக்கு அடுத்த இரை 26ஆம் தேதி.