ஹார்மோனுக்கு ஏற்பி மந்தமாவதைச் செல்லில் அளப்பது: செய்முறைக் குறிப்புகள்

ஒரே ஹார்மோனை மணிக்கணக்கில் ஊற்றி வைத்தால் செல் அதைக் கண்டுகொள்வதைக் குறைத்துவிடும்; ஹார்மோனைப் பிடிக்கும் புரதமான ஏற்பி மந்தமாகிவிடுகிறது. பாடமாகப் படிக்கச் சுலபம்; கல்ச்சர் தட்டில் அளந்து காட்டும்போதுதான் சிக்கல்கள் தலைதூக்கும். அட்ரினலினைப் பிடிக்கும் பீட்டா-2 அட்ரினர்ஜிக் ஏற்பியை வைத்து நாங்கள் செய்யும் முறை இது: முதலில் ஏற்பியைத் தூண்டி வைத்து, கழுவி, மறுபடி தூண்டி, அப்போது செல்லுக்குள் உருவாகும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறை அளக்கிறோம்.

செல்லுக்கு ஹெச்இகே 293 (மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல் வரிசை) போதும். இந்த ஏற்பி அதில் இயல்பாகவே கொஞ்சம் உண்டு. மரபணுவைச் செலுத்தி ஏற்பியை அளவுக்கு மீறிப் பெருக்கிய செல்களை எடுக்காதீர்கள். உபரி ஏற்பிகள் இருக்கும்வரை, பாதி செயலிழந்தாலும் உச்சபட்ச விளைவு குறையாது. டோஸுக்கு எதிராக விளைவை வரைந்த வளைவு வலப்பக்கம் நகர்வதோடு சரி, அதாவது அதே விளைவுக்குக் கூடுதல் டோஸ் தேவைப்படும். ஒரே ஒரு உயர் டோஸை மட்டும் கொடுத்துப் பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காத மாதிரி தெரியும். இந்தச் செல்கள் லேசில் பிய்ந்து வருபவை என்பதால் தட்டில் செல்லை ஒட்டவைக்கும் பாலிலைசின் பூச்சு கட்டாயம். இல்லையென்றால் கழுவும்போது செல் போய்விடும், அதை ஏற்பியின் மந்தம் என்று எழுதி வைப்போம்.

ஹார்மோனுக்குப் பதிலாக இந்த ஏற்பியைத் தூண்டும் செயற்கை மருந்தான ஐசோப்ரோடெரினாலின் கரைசலை அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டும். அது காற்றுபட்டு ஆக்சிஜனேற்றமாகும். இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் கொட்டிவிடுங்கள். 0.1 மில்லிமோலார் அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தால் தாக்குப்பிடிக்கும். மருந்து போடாத குழிகளுக்கும் (தட்டின் சிறு கிண்ணங்கள்) அதே அளவு அமிலம் போக வேண்டும். டோஸ் 10 மைக்ரோமோலார். நேரம் 5 நிமிடம், 30 நிமிடம், 24 மணி. நீண்ட நேரக் குழியை முதலில் தொடங்கி, எல்லாம் ஒரே நேரத்தில் முடியும்படி அமைப்பது நல்லது.

அடுத்தது கழுவுதல். பாதிப் பரிசோதனைகள் கெடுவது இங்கேதான். 37 டிகிரி ஊடகத்தில் மூன்று முறை, விரைவாக. மருந்து மிச்சமிருந்தால் அடிப்படை அளவு உயர்ந்து, அடுத்த டோஸின் விளைவு சிறிதாகத் தெரியும். கடைசிக் கழுவுநீரைப் புதுச் செல்கள் மேல் ஊற்றி சைக்ளிக் ஏஎம்பி ஏறுகிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இதே ஏற்பியைத் தூண்டும் சால்மெட்டரால் போன்ற கொழுப்பில் கரையும் மருந்துகள் சவ்விலேயே தங்கிவிடும், இதற்கு உதவாது. கழுவிவிட்டு டீ குடிக்கப் போகவும் கூடாது. தூண்டப்பட்டு மேற்பரப்பிலிருந்து செல்லுக்குள் போன ஏற்பிகள் சில பத்து நிமிடங்களில் மேலே திரும்பத் தொடங்கும்.

உடனே 0.1 நானோமோலாரிலிருந்து 10 மைக்ரோமோலார்வரை டோஸ் வரிசை, கூடவே சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதிகளைத் தடுக்கும் ஐபிஎம்எக்ஸ், 0.5 மில்லிமோலார். கழுவுவதற்கு முந்தைய கட்டத்திலேயே ஐபிஎம்எக்ஸ் போட்டால் சைக்ளிக் ஏஎம்பி குவிந்து, அது முடுக்கும் நொதியான பிகேஏ தன் போக்கில் வேறு ஏற்பிகளையும் மட்டுப்படுத்தும். ஐபிஎம்எக்ஸே இல்லாவிட்டாலும் வம்பு: 24 மணி நேரத்தில் செல் தன் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதிகளைப் பெருக்கிக்கொள்வதால், ஏற்பி நன்றாக இருந்தாலும் அளவு குறையும். தனிக் குழிகளில் 10 மைக்ரோமோலார் ஃபோர்ஸ்கோலின் போடுங்கள். அது ஏற்பியைத் தாண்டி, சைக்ளிக் ஏஎம்பியை உருவாக்கும் நொதியான அடினைலில் சைக்ளேஸை நேராகத் தூண்டும். அந்த அளவும் விழுந்திருந்தால் கோளாறு ஏற்பிக்குக் கீழே, அல்லது செல் எண்ணிக்கையில்.

சைக்ளிக் ஏஎம்பி குறைந்தது என்பதாலேயே ஏற்பி எண்ணிக்கை குறைந்ததாக எழுதிவிட முடியாது. அதற்குப் பிணைப்புச் சோதனை, அதாவது கதிரியக்கக் குறியிட்ட பொருளை ஏற்பியில் ஒட்டவைத்து எண்ணுவது வேண்டும். ட்ரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய சிஜிபி-12177 என்ற பொருள் நீர்விரும்பி, சவ்வைக் கடக்காது. 4 டிகிரியில் வைத்தால் மேற்பரப்பு ஏற்பியை மட்டும் எண்ணும். சவ்வைக் கடக்கும் டைஹைட்ரோஅல்ப்ரெனலால் உள்ளே இருப்பதையும் சேர்த்து எண்ணும். 5 நிமிடத்தில் விளைவு குறைந்திருக்கும், ஆனால் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்கும்: ஜிஆர்கே நொதி ஏற்பியில் பாஸ்பேட் ஏற்ற, பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டி, ஏற்பியின் செய்தியை உள்ளே கடத்தும் ஜி-புரதத்தின் வழியை அடைத்திருக்கிறது. 30 நிமிடத்தில் மேற்பரப்பு எண்ணிக்கை குறையும், மொத்தம் குறையாது. 24 மணியில் மொத்தமும் குறையும், செல்லின் செரிமானப் பையான லைசோசோம் சிதைத்துவிட்டது. முதல் இரண்டும் மருந்தை எடுத்தால் விரைவில் மீளும். மூன்றாவதற்குச் செல் புது ஏற்பியைத் தயாரிக்க வேண்டும். புரதத் தயாரிப்பைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு போட்டு மீட்சி நிற்கிறதா என்று பார்த்தால் உறுதியாகும்.

இதே நேர அட்டவணையை வேறு ஏற்பிகளுக்கு அப்படியே தூக்கிப் போடாதீர்கள். பிட்யூட்டரியை எல்ஹெச் என்ற இனப்பெருக்க ஹார்மோனைச் சுரக்கத் தூண்டுவது ஜிஎன்ஆர்ஹெச் என்ற மூளை ஹார்மோன்; பாலூட்டிகளில் அதன் ஏற்பிக்கு அரெஸ்டின் பற்றும் வால்பகுதியே கிடையாது. அது மெதுவாக, வேறு வழியில் மந்தமாகும். நோபில் குழு 1978-இல் குரங்குகளில் காட்டியபடி, ஜிஎன்ஆர்ஹெச்சை மணிக்கு ஒரு துடிப்பாகக் கொடுத்தால் பிட்யூட்டரி தொடர்ந்து எல்ஹெச் சுரக்கும், இடைவிடாமல் செலுத்தினால் அடங்கிவிடும். அந்த வேறுபாட்டைச் செல்லில் காட்டத் தட்டும் பிப்பெட்டும் போதாது. ஊடகம் ஓடிக்கொண்டே இருக்கும் பெர்ஃபியூஷன் அமைப்பு தேவை.