"வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள்

குழந்தையைப் பல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகும்போது பெற்றோர் பாசத்தோடு சொல்வது இதுதான்: "பயப்படாதே, வலிக்கவே வலிக்காது." வலியைப் பற்றி அதுவரை யோசிக்காத குழந்தையும் அப்போதிலிருந்து யோசிக்கத் தொடங்கிவிடும். உள்ளே போனதும் லேசாகச் சுருக்கென்றாலும் போதும், அடுத்து யார் என்ன சொன்னாலும் நம்பாது. "டாக்டர் பல்லை எண்ணிப் பார்ப்பார், சுத்தம் செய்வார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியைச் சொல்வது மருத்துவர் வேலை.

அதற்கு 1959இல் ஆடெல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் விவரித்த 'சொல், காட்டு, செய்' முறை இன்றும் அடிப்படை. சுழலும் தூரிகையை முதலில் குழந்தைக்குப் புரிகிற சொற்களில் விளக்கி, அதன் விரல் நகத்தில் ஓட்டிக் காட்டி, பிறகுதான் பல்லில் வைப்பார்கள். காட்டியதற்கும் செய்வதற்கும் நடுவே இடைவெளி விட்டால் அதில் பயம் புகுந்துவிடும். சொன்னதைத் தாண்டி எதையும் செய்யவும் கூடாது.

இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவோம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது இன்னொரு நல்ல வழி. பல குழந்தைகள் வலியே இல்லாமல் ஒரு முறை கையைத் தூக்கிப் பார்க்கும். அது சோதனை! அப்போது உடனே நிறுத்தினால் அடுத்த பத்து நிமிடம் அமைதியாக இருக்கும். "இதோ முடிஞ்சிடுச்சு" என்று தொடர்ந்தால் அந்த ஏற்பாடு அங்கேயே செத்துவிடும். "10 எண்ணும் வரை" என்று சொன்னால் 10இல் கருவி வெளியே வந்தாக வேண்டும்.

ஊசிதான் பெரிய கட்டம். அதன் வலி பெரும்பாலும் அவசரத்தால் கூடுகிறது. முதலில் ஈறைப் பஞ்சால் நன்றாகத் துடைத்து உலர்த்தி, மரத்துப்போகும் ஜெல்லைக் கொஞ்சமாகத் தடவி, 1 முதல் 2 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஈரத்தில் தடவினால் ஜெல் எச்சிலோடு தொண்டைக்கு ஓடும். ஈறு மரக்காது, நாக்கு கசக்கும், குமட்டலும் வரும். 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு பென்சோகைன் ஜெல் வேண்டாம், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடலாம். ஊசி மருந்தை ஒரு மில்லிக்கு ஒரு நிமிடம் என்ற வேகத்தில் செலுத்துவது நல்லது. வேகமாகத் தள்ளினால் திசு விரிவதே வலிக்கும். உதட்டை இழுத்துப் பிடித்து லேசாக ஆட்டுவதும், அந்த நேரத்தில் ஒரு காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்வதும் கவனத்தைத் திருப்பும். உதவியாளரிடமிருந்து சிரிஞ்சை மருத்துவர் குழந்தையின் முகவாய்க்குக் கீழாகத்தான் வாங்க வேண்டும், கண் முன்னால் அல்ல.

பக்கத்தில் இருக்கும் அம்மாவோ அப்பாவோ அப்போது பேசாமல் இருப்பதே பெரிய உதவி. இரண்டு குரல் ஒரே நேரத்தில் கேட்டால் குழந்தை எதையும் கேட்காது.

இவ்வளவுக்கும் அடங்காத பயத்துக்கு நைட்ரஸ் ஆக்சைடு என்ற, பயத்தைத் தணிக்கும் வாயு உண்டு. முழு ஆக்சிஜனில் தொடங்கி இந்த வாயுவைப் படிப்படியாக ஏற்றுவார்கள், பெரும்பாலும் 50 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. முடிவில் சுமார் 5 நிமிடம் மறுபடி முழு ஆக்சிஜன். மூக்கு வழியாகத்தான் சுவாசிக்க வேண்டும் என்பதால் சளி பிடித்திருந்தால் வேலை செய்யாது. மூக்கடைப்பு இருந்தால் முதல் நாளே போன் செய்து தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள், மதியத் தூக்கம் கலைந்து வரும் சிறு குழந்தையிடம் ஒத்துழைப்பை எதிர்பார்க்க முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகும் கீழ் உதடு 2, 3 மணி நேரம் மரத்தே இருக்கலாம். குழந்தை விளையாட்டாகக் கடித்துக்கொண்டே இருக்கும். உணர்வு திரும்பும் வரை மெல்லுகிற உணவு கொடுக்காமல், அடிக்கடி உதட்டைப் பாருங்கள். கடித்துவிட்டால் மறுநாள் வீங்கி, வெள்ளைப் படலம் தெரியும். பார்த்தால் சீழ் போல இருக்கும், பெரும்பாலும் அது ஆறிக்கொண்டிருக்கும் காயம்தான். வலிக்குக் குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். காய்ச்சல் வந்தாலோ வீக்கம் நாளுக்கு நாள் கூடினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.