அப்பாவின் அம்பாசிடரும் பேக் கம்ப்ரஷனும்

மே 4, 2024, சனி

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். காலை ஏழு மணிக்கே சத்துவாச்சாரி கொதிக்கிறது. அப்பாவின் 1978 மாடல் அம்பாசிடருக்கு அடியில் ராத்திரி விரித்த அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். மார்ச்சில்தான் ஒரு பட்டறையில் இன்ஜின் பக்கவாட்டிலுள்ள டாப்பெட் கவருக்கும், அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்கும் புது கார்க் பேக்கிங் போட்டார்கள். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. திரும்பப் போய்க் கேட்டால், இன்ஜினை இறக்கி சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்கணும் என்கிறார்கள். புகையே விடாத வண்டிக்கு எதற்கு போர்?

மே 5, ஞாயிறு

மெக்கானிக் பாய் வந்தார். அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியில் கை வைத்தவர். எதையும் கழற்றவில்லை. மண்ணெண்ணெயில் இன்ஜினைத் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைக் கேட்டு வாங்கினார். துணியில் முடிந்து தட்டித் தட்டி, இன்ஜின் முழுக்க வெள்ளையாக்கினார். காட்பாடி வரை போய்த் திரும்பியதும் வெள்ளையில் ஆயிலின் தடம் கோடு கோடாக விழுந்திருந்தது. வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் சொட்டும் இடத்தை நம்பக்கூடாது. நனைந்ததில் எது மேலே, எது முன்னே என்றுதான் பார்க்கணும்.

பார்த்தால் ஒரு இடம் இல்லை, நாலு. டாப்பெட் கவர் ஓரம், டைமிங் கவர், ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் துளை, கிளட்ச் ஹவுசிங் அடியில் ஸ்பிளிட் பின் தொங்கும் ஓட்டை.

"நாலும் ஒண்ணா கெட்டுப்போகாது தம்பி. உள்ள பேக் கம்ப்ரஷன் நிக்குது" என்றார் பாய். இன்ஜினுக்குள் இறங்கும் கேஸ் வெளியேறாமல் அழுத்தமாக நிற்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்.

மே 11, சனி

அந்த அழுத்தத்தைப் பார்க்க, டிப் ஸ்டிக் துளையில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபைச் செருகி, அதை யூ மாதிரி வளைத்துத் தண்ணீர் விட்டோம். ஐடிலிங்கிலேயே ஒரு பக்கம் நாலு அங்குலம் ஏறி நின்றது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தியதும் தண்ணீர் வெளியே தெறித்தது.

அப்புறம் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தோம், பிஎஸ்ஐ கணக்கில்: 120, 118, 102, 119. மூன்றாவதில் மட்டும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்தால் 114. அந்த பிஸ்டன் ரிங் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எந்த இன்ஜினிலும் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் கேஸ் கீழே இறங்கும். அது வெளியே போக வழி இருக்கணும்.

மே 12, ஞாயிறு

வழி இரண்டும் அடைப்பு! இன்ஜின் தலைமேல் இருக்கும் ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஒரு போல்ட்டைத் திணித்து கிளிப் போட்டிருக்கிறது. ஃபில்டர் நனைகிறது என்று யாரோ செய்த வேலை. எனக்குக் கோபம் தாங்கவில்லை. டாப்பெட் கவரிலிருந்து கீழே இறங்கும் பிரீதர் பைப்பில் குளவி மண் கூடு கட்டியிருந்தது. வண்டி இரண்டு வருஷம் சும்மா நின்றதே, அப்போது கட்டியிருக்கும். கம்பியை விட்டுக் குத்தியதும் சிவப்பு மண் கட்டியாக விழுந்தது, அதன் பின்னாலேயே தார் மாதிரி கறுப்புக் கசடு. பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவினோம்.

மறுபடி டியூபைச் செருகினேன். தண்ணீர் அசையவே இல்லை.

மே 19, ஞாயிறு

பவுடர் தட்டிக்கொண்டு ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவும் இரண்டாவது கியரிலும் முதல் கியரிலும்தான். மேலே போய் பானெட்டைத் திறந்தால் டாப்பெட் கவர் ஓரம் வெள்ளையாகவே இருந்தது. டைமிங் கவரும் அப்படியே. புதிதாக ஒரு பேக்கிங்கூடப் போடவில்லை.

ஸ்பிளிட் பின்னில் மட்டும் ஈரம். இந்த 1489 சிசி பிஎம்சி இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. ஷாஃப்ட்டில் மரை மாதிரி வெட்டியிருப்பார்கள். சுற்றும்போது அது ஆயிலைத் திரும்ப சம்ப்புக்குள் தள்ளும். உள்ளே அழுத்தம் நின்றால் மரையால் தள்ள முடியாது. நின்ற வண்டியில் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும்.

ராத்திரி புது அட்டை விரித்தேன். காலையில் மூன்று சொட்டு.